பெட்டிக்குள் அறுபத்தோரு பேர்

அத்தியாயம் ஐந்து

எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போன குமாஸ்தாவுக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். அதற்காக அவர் நிஜமாகவே பூட்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

"விதி அப்படிங்க," என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "எழுதின படிவம் ஒண்ணுகூட இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. உங்க போன் மூணும் என் டிராயர்ல பத்திரமா இருக்கு. மூணே முக்காலுக்கு வந்து திறப்பேன்."

"நடுவுல தீ கீ பிடிச்சா?" என்றேன்.

"படிவத்தை எல்லாம் ஜன்னல் வழியா வெளிய போட்டுடுங்க."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் நடைகூடத்தில் தேய்ந்து மறைந்தது. என் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பது.

நகராட்சி அலுவலகத்தின் பதிவறை அது. மூன்று பக்கமும் இரும்பு அலமாரி. நாலாவது பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் ஒரு முழம் தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. எனக்குப் பூட்டிய அறை என்றாலே நெஞ்சு படபடக்கும். வாய் மூடினால் படபடப்பு அதிகமாகும் என்பதால் நான் பேசிக்கொண்டே இருப்பேன். வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர் வந்ததற்கு இது ஒரு காரணம், மற்ற காரணங்களை அண்ணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பதினெட்டு வருஷம் தபால் அலுவலகத்தில் கடிதங்களைத் தெரு வாரியாக அடுக்கியவர். உறையைக் கையில் எடை பார்த்தே உள்ளே இருப்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு ஊரில் எது காணாமல் போனாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள். நான் பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அண்ணிக்கு வழக்கு வந்தால் கடைக்குப் பூட்டு. இன்று கடைக்கும் பூட்டு, எனக்கும் பூட்டு.

அறையில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். ஊர் நூலகத்தின் நூலகர். முப்பது வயது. மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் இத்தனையும்.

விஷயம் சின்னதுதான். நாடகம், பாட்டு, ஓவியம் என்று இருப்பவர்களுக்கு நகராட்சி வருஷா வருஷம் கலை உதவி என்று பணம் தரும். யாருக்கு என்று தீர்மானிப்பது ஐந்து பேர் கொண்ட குழு. அந்த ஐந்து பேரும் சுற்றிச் சுற்றித் தங்களுக்குத் தெரிந்த நாலு பேருக்கே தருகிறார்கள் என்று ஊர் முணுமுணுத்தது. இந்தத் தடவை மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது: மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே உதவி. நூலகத்தில் மூன்று வாரம் ஒரு பெட்டி வைத்தார்கள். படிவத்தில் பெயர் எழுத வேண்டாம். தொழில், தெரு, வீட்டு எண், கருத்து, அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்தபோது தொண்ணூற்றாறு படிவங்கள் இருந்தன. அதில் அறுபத்தோரு படிவங்களில் இருந்த வீட்டு எண்கள் இந்த ஊரிலேயே கிடையாது. பெட்டியின் சாவி நூலகரிடம் மட்டும்தான் இருந்தது. நாலு மணிக்கு மாடியில் குழு கூடுகிறது. தொண்ணூற்றாறையும் குப்பையில் போட்டுவிட்டு, நூலகரை வேலையை விட்டு நீக்கிவிட்டு, உதவியைப் பழையபடியே கொடுக்கப் போகிறார்கள். நேற்று அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, "அவ சம்பளத்துலதாம்மா நாங்க மூணு பேரும் சாப்பிடறோம், அவ வாயே திறக்க மாட்டேங்கறா," என்று கண் கலங்கினார். அண்ணி அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு போய், கூட்டத்துக்கு முன் படிவங்களைப் பார்க்க நகராட்சியில் அனுமதி வாங்கிவிட்டார்.

"படிவங்களைத் தரையில பரப்பு," என்றார் அண்ணி. "நிஜம் வலப்பக்கம், போலி இடப்பக்கம்."

"எதுக்குக்கா இதெல்லாம்?" நூலகர் முதல் தடவையாகப் பேசினாள். "விட்டுடுங்களேன். வேற வேலை பாத்துக்கறேன்."

"வேற வேலை எங்க வச்சிருக்காங்க?" என்றேன். "சொல்லு, நானும் வர்றேன்."

அண்ணி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வலப்பக்கம் முப்பத்தைந்து நிஜப் படிவங்கள். படித்தேன். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. நாற்காலி குத்துகிறது. எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை, கலை எதற்கு. என் மைத்துனர் நன்றாகப் பாடுவார், அவருக்குத் தரவும். ஒருவர் வெறுமனே "சரி" என்று எழுதியிருந்தார்.

"என் ஊர் ஜனம்னா ஜனம்தான்," என்றேன்.

இடப்பக்கம் அறுபத்தொன்று. அவற்றைப் படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. கையெழுத்தைக்கூட மாற்றி மாற்றி எழுதியிருந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள் பேசுவது போலவே இருந்தது. கோபக்கார லாரி டிரைவர், பயந்த சுபாவமுள்ள கணக்கு வாத்தியார், வாய் நீளமான தையல்காரி. ஆனால் எல்லோரும் நியாயமாகப் பேசினார்கள். ஒருவர்கூட மைத்துனருக்குக் கேட்கவில்லை.

"அண்ணி, இதப் பாருங்க. தொழில், கலங்கரை விளக்கக் காவலர். நம்ம ஊர்ல இருந்து கடலுக்குப் போகணும்னா ஒரு ராத்திரி பூரா ரயில்ல உட்காரணும்."

"அது அழகுக்குப் போட்டது. அத விடு. வீட்டு எண்ணைப் பாரு."

"அதான் எல்லாம் தப்புன்னு சொல்லிட்டாங்களே."

"எல்லாமே தப்பா இருக்கு பாரு, அதுதான் விசேஷம்." அண்ணி ஒரு படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "நீ அவசரத்துல அறுபத்தோரு நம்பர் எழுதினா அஞ்சாறாவது தெரியாத்தனமா நிஜ வீட்டுல போய் விழும். இதுல ஒண்ணுகூட விழலை. சந்தைத் தெரு நாற்பத்தொண்ணு வரைக்கும்தான். இவர் நாற்பத்திரண்டு எழுதியிருக்கார். குளத்துத் தெருவுல பதினேழு இடிஞ்சு போய் ஆறு மாசம் ஆச்சு. இவர் பதினேழு எழுதியிருக்கார். நிஜமா அங்க குடியிருக்கறவங்க யாருக்கும் தொந்தரவு வரக் கூடாதுன்னு பாத்துப் பாத்து எழுதியிருக்கார்."

"நல்ல மனசுக்காரத் திருடன்."

"ஊர்ல ஒவ்வொரு வாசல்படியும் தெரிஞ்ச ஆள்."

"அப்படிப் பாத்தா தபால் ஆபீஸ்ல இருந்த நீங்கதான் முதல் ஆளு," என்று சிரித்தேன். "நான் சாட்சி சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

அண்ணி சிரிக்கவில்லை. வழக்கமாக என் நகைச்சுவைக்குப் பாதியாவது சிரிப்பார். வெயில் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் குழுத் தலைவர் மேல்தான் சந்தேகம். கருத்துகள் குப்பைக்குப் போனால் லாபம் அவருக்குத்தானே. அவரே ஆள் வைத்து எழுதிப் போட்டிருக்கலாம். இதை நான் மூன்று விதமாக விளக்கிச் சொன்னேன்.

"தலைவர் எழுதியிருந்தா இவ்வளவு நல்லா எழுதியிருக்க மாட்டார்," என்றார் அண்ணி. "பன்னிரண்டாம் நம்பரைப் படி."

சாவிக்கொத்து பெட்டியைத் திறந்தபோது அடியிலிருந்து வரிசையாக எண் போட்டிருந்தார். பன்னிரண்டு, லாரி டிரைவர்: "அரங்கத்தில் கடைசி வரிசையில் ஒரு சத்தமும் கேட்பதில்லை. கேட்காத நாடகத்துக்கு எதற்கு உதவி?"

"இப்ப பத்தொன்பது."

பத்தொன்பது, காது மெஷின் பழுது பார்ப்பவர்: "கடைசி வரிசைக்காரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் காதில் கோளாறு இல்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். முதலில் ஒலிபெருக்கி, பிறகு நாடகம்."

"சரியாத்தானே சொல்றார்," என்றேன்.

"யாருக்குச் சொல்றார்?"

பெட்டி பூட்டியிருந்தது. உள்ளே விழுந்த படிவத்தை வெளியில் இருப்பவர் படிக்க முடியாது. பன்னிரண்டு எழுதியது பத்தொன்பதுக்கு எப்படித் தெரியும்?

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் தரையில் தவழ்ந்தோம். முப்பத்து மூன்று, தையல்காரி: "ஒத்திகை முடிந்து பெண்கள் வீடு திரும்பப் பேருந்து இல்லை. குழுவில் ஒரு பெண்கூட இல்லை, இதை யார் சொல்வது?" நாற்பத்தொன்று, கலங்கரை விளக்கக் காவலர்: "தையல்காரம்மா சொல்வது சரி. வேண்டுமானால் என் விளக்கைத் தெருப் பக்கம் திருப்பி வைக்கிறேன்." நாற்பத்து நாலு, மறுபடியும் தையல்காரி: "விளக்கு வேண்டாம், பேருந்து போதும். ஆனாலும் கேட்டீர்களே, நன்றி."

"அடுத்த படிவத்துல கல்யாணப் பேச்சு எடுத்துடுவாங்க போல," என்றேன்.

"இந்த ஊர்ல ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் காது குடுத்துக் கேட்டு நீ பாத்திருக்கியா?"

"வீட்டுலயே பாத்ததில்ல."

"அதான். இது கருத்து இல்ல, நாடகம். எழுதினவரால ஒரு வரியைப் பதில் இல்லாம அந்தரத்துல விட முடியல. ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் பேசியே ஆகணும். அது அவங்க தொழில் வியாதி."

மணி இரண்டு ஐம்பது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "முடிஞ்சுது. ஊர்ல நாடகம் எழுதறவங்க மூணே பேரு. ரிட்டயரான தலைமையாசிரியர் வெளியூர்ல மகன் வீட்டோட போய் ஒரு வருஷம் ஆச்சு. இன்னொருத்தர் ராஜா கதை தவிர எதுவும் எழுத மாட்டார். மூணாவது..."

மூன்றாவது ஆளை நான் சொல்லவில்லை. நூலகர் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி படிவங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"எண்ணி வை," என்றார். "அந்த ஆள் வந்ததும் எண்ணுவார்."

எண்ணினேன். தொண்ணூற்று நாலு. மறுபடி எண்ணினேன். தொண்ணூற்று நாலேதான். பூட்டிய அறைக்குள் இரண்டு காணவில்லை என்றால் அந்தப் பழியும் நூலகர் தலையில்தான் விழும்.

"அண்ணி, ரெண்டு குறையுது."

அண்ணி தன் மடிக்கு அடியிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து என்னிடம் நீட்டினார். முதல் அரை மணி நேரத்திலேயே எடுத்து ஒளித்திருக்கிறார். இத்தனை நேரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

எண் ஐம்பத்திரண்டு. தொழில், ஜெராக்ஸ் கடைக்காரி.

"எழுதறவங்க எழுதிக்கிட்டேதான் இருக்காங்க, படிக்கத்தான் நாதியில்ல. நான் போடுற ஜெராக்ஸையாவது நாலு பேர் வாங்கிட்டுப் போறாங்க. உதவியை எழுதறவங்களுக்குக் குடுக்காதீங்க, படிக்கறவங்களுக்குக் குடுங்க."

படித்துச் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன். அது என் வாக்கியம். போன மாதம் சாப்பாட்டு மேஜையில் அண்ணனைப் பார்த்து நான் சொன்னது. ஒரு சொல்கூட மாறவில்லை.

என் அண்ணன் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் மீட்டர் படிப்பவர். மாதா மாதம் ஊரின் ஒவ்வொரு வாசல்படியிலும் ஏறி இறங்குபவர். சாயங்காலமானால் பின்கட்டு அறையில் உட்கார்ந்து நாடகம் எழுதுவார். இருபது வருஷமாக எழுதுகிறார், இரண்டு நாடகம்தான் மேடை ஏறியிருக்கிறது. அன்றைக்கு நான் அப்படிச் சொன்னதும் ஒரு பதிலும் பேசாமல் கை கழுவ எழுந்து போனார்.

பதில் ஐம்பத்து மூன்றாம் படிவத்தில் இருந்தது. தொழில், கடிகாரக் கடைக்காரர். "ஜெராக்ஸ் கடைக்காரி பேச்சில் கோபம் இருக்கிறது, பொய் இல்லை. படிக்க ஆள் இல்லாதபோதும் எழுதுபவனை என்ன செய்வது என்றும் குழு யோசிக்க வேண்டும்."

அவமானமாக இருந்தது. அண்ணன் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"வீட்டு எண்ணைப் பாத்ததும் பாதி. உன் குரலைக் கேட்டதும் மீதி." அண்ணியின் குரல் தபால் கவுண்ட்டரில் பேசுவது போல வறண்டிருந்தது. "வேற யாராவதா இருக்கணும்னுதான் ரெண்டு மணி நேரமா தேடினேன்."

நூலகர் ஸ்டூலிலிருந்து இறங்கி எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான்க்கா காரணம். முதல் வாரம் பூரா நாலே நாலு படிவம்தான் விழுந்துச்சு. ஜனங்களுக்கு அக்கறை இல்லைன்னு சொல்லி மூட்டை கட்டிடுவாங்கன்னு உங்க வீட்டு சார்கிட்ட புலம்பினேன். மறுநாள்லேருந்து பேப்பர் படிக்க வரும்போது தினம் நாலஞ்சு போட ஆரம்பிச்சார். நான் பாத்தேன். தடுக்கல. பெட்டி நிறையறதப் பாக்கச் சந்தோஷமா இருந்துச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாருக்கு நகராட்சி வேலை. வெளிய தெரிஞ்சா போயிடும். எனக்காவது வயசு இருக்கு. நீங்க கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன்."

"அண்ணி," என்றேன். "சொல்ல வேண்டாம். என் கூடப் பொறந்தவரு."

"எனக்குப் புருஷன்."

"அதான் சொல்றேன்."

"சொல்லலேன்னா இவ அப்பா மறுபடி நம்ம வாசல்ல வந்து நிப்பார். அவர் மூஞ்சிய நீ பாப்பியா?"

பார்க்க மாட்டேன். சொன்னால் எங்கள் வீட்டு அடுப்பு அணையும், சொல்லாவிட்டால் இவள் வீட்டு அடுப்பு. ஜன்னலுக்கு வெளியே சுவர், கதவுக்கு வெளியே பூட்டு. அறை இன்னும் சின்னதாகிவிட்டது போல எனக்கு மூச்சு முட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. மணி மூன்று இருபது.

"வாயாடி, உள்ள இருக்கீங்களா? சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

அண்ணன். ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்.

"ஏன் இவ்ளோ நேரம்?" அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ஒரு மணிக்கே வந்துட்டேன். வெளிய படியில உட்கார்ந்திருந்தேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "கதவு பூட்டியிருக்கே."

"சாவி அந்தக் குமாஸ்தாகிட்ட இருக்கு."

"ஏதாவது கிடைச்சுதா?"

கட்டோடு சேர்த்து நாலு வெற்றுப் படிவங்களும் எங்களிடம் தரப்பட்டிருந்தன. அண்ணி அதில் இரண்டை உருவினார். ஒன்றில் எழுதினார். நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். தொழில்: தபால் அலுவலகம், ஓய்வு. வீட்டு எண்: பதினைந்து. எங்கள் வீட்டின் நிஜ எண். கருத்து: "அறுபத்தோரு பேரும் நன்றாகப் பேசினார்கள். எழுதியவர் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை."

எழுதியதையும் வெற்றுப் படிவத்தையும் சேர்த்துக் கதவுக்கு அடியில் தள்ளினார்.

"வெளிய போகக் கூடாதுன்னாரே," என்று கிசுகிசுத்தேன்.

"அவர் எண்ணினது தொண்ணூத்தாறு. இது அதுல சேராது."

"பதில் வரலேன்னா?"

"நாலு மணிக்கு நான் மாடி ஏறுவேன்." அண்ணி பேனாவை மூடினார். "ஆனா அவராப் போனா நல்லாருக்கும். அவரால ஒரு வரியைப் பதில் இல்லாம விட முடியாது, பாரு."

அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கேரியரைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபத்தைந்து. மூன்று இருபத்தெட்டு. நூலகர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப் போய்விட்டாரோ என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். அண்ணி கதவின் அடியையே பார்த்தபடி இருந்தார்.

மூன்று முப்பத்தொன்றுக்குப் படிவம் ஒன்று உள்ளே வந்தது.

வேலைக்கு, வங்கிக்கு, ரேஷனுக்கு என்று எங்கே எழுதினாலும் அண்ணன் மீட்டர் படிப்பவர் என்றுதான் எழுதுவார். இதில் தொழில் என்ற இடத்தில் நாடகம் எழுதுபவர் என்று இருந்தது. வீட்டு எண் பதினைந்து. கருத்து என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்.

"நான்தான்."

காலடிச் சத்தம் கேட்டது. வாசல் பக்கம் போகவில்லை. மாடிப் படியில் ஏறியது, ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல்.

நூலகர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணி அந்தப் படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"இருபது வருஷத்துல இப்பதான் சுருக்கமா எழுதியிருக்கார்," என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். தலைக்கு மேலே, மாடியில், நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

சரியாக மூன்றே முக்காலுக்குச் சாவிக்கொத்து கதவைத் திறந்தார். வாசலில் இருந்த கேரியரைத் தாண்டி உள்ளே வந்து, படிவக் கட்டை வாங்கி, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி எண்ணினார்.

"தொண்ணூத்தாறுதானே குடுத்தேன். தொண்ணூத்தேழு இருக்கே."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கடைசியா ஒண்ணு வந்துச்சு. அதையும் மேல கொண்டு போங்க. அதுல வீட்டு எண் சரியா இருக்கும்."